பாலம்மாவின் காலும் என் கையும்

இந்தச் சபைக்கு வணக்கம் சொல்ல முன்னம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட நான், கடந்த இருபது நிமிடமாக மண்டபத்துக்குப் பின்னால் உள்ள கழிப்பறைக்குள் கொளுக்கியைப் போட்டுக்கொண்டு ஒளித்திருந்தேன். "ரஜிதா அக்கா, உங்கட பெயரை மூண்டு தரம் கூப்பிட்டாச்சு, வெளியில வாங்கோ" என்று கதவைத் தட்டிய, தலைமைக் கதிரையைத் தன் தகைமையால் தாங்கும் ஜெனிற்றா ரீச்சர் அவர்களே. நானாட்டானிலிருந்து நண்பகல் வெயிலில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே. மடியில் மழலையும், அடுப்பை அணைத்தோமா என்ற மயக்கமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மாரே. தேநீர் வரும்வரை என்னைத் தாங்கிக்கொள்ளத் துணிந்த கடைசி வரிசைக் கனவான்களே, எல்லோருக்கும் என் நடுங்கும் வணக்கம்.

போன வருடம் இதே மண்டபத்தில் இதே ரீச்சர் ஆளுக்கொரு வெள்ளைத்தாள் தந்தார். "உங்கட பலங்கள் ஐந்து எழுதுங்கோ." எழுதினேன். முதலாவது, என்ர வீட்டுக்காரரின் உழவு மெசின். இரண்டாவது, கனடாவில் இருக்கும் அவரின் தமையன். மூன்றாவது, அவரின் நாலு ஏக்கர் வயல். என் பலம் எங்கே என்று கேட்டால், என் வீட்டுக்காரர் யோகராசாவின் சொத்து விபரத்தை அல்லவா ஒப்படைத்தேன்? அரசாங்கக் கந்தோரில் கொடுத்திருந்தால் முத்திரை குத்தி வாங்கியிருப்பார்கள். என்ன அங்கே சிரிப்பு, மனோன்மணி அக்கா? நீங்கள் மகனின் சோதனைப் பெறுபேற்றை எழுதினனீங்கள். பள்ளிக்கூடம் போனது நீங்களோ?

ஒருத்தி மட்டும் வெறும் தாளைத் திருப்பிக் கொடுத்தாள். பாலம்மா. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கர் குத்தகை வயல்.

"எழுதத் தெரியாதோ?" என்றேன், பெரிய படிப்பாளி போல.

"தெரியுங்க அக்கா. எழுத ஒன்னும் இல்லீங்க."

அந்தக் காலபோக நெல்லுக்கு அவள் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. கதிர் வரும் நேரம் மண் வெடிக்கத் தொடங்கிவிட்டது. அந்தப் போகமும் பொய்த்தால் குத்தகைக் காணி கையை விட்டுப் போகும். ஆறுதல் சொல்லப் போனேன். அவளோ வாய்க்காலில் வயலேறாமல் ஊர்ந்த தண்ணீருக்குள் இறங்கி, கொஞ்ச நேரம் அசையாமல் நின்றாள்.

"மேல மூணாவது மடை தொறந்திருக்குங்க."

"காலோ சொன்னது?" என்று நக்கலடித்தேன்.

"ஆமாங்க. தண்ணி வேகம் காலுக்குத் தெரியும்."

வரம்பில் நடந்தோம். முதல் மடை, சாத்தியிருந்தது. இரண்டாம் மடை, சாத்தியிருந்தது. மூன்றாம் மடை, திறந்து, தளும்பி, தாராளமாய் ஓடியது. யாருடைய மடை? ஊரறிந்த, உலகறிந்த, என் பலங்களின் பட்டியலில் முழுதாய் எழுந்தருளியிருந்த யோகராசாவின் மடை.

மண்ணை வெட்டிப் போட்டு மடையைச் சாத்தினோம். வெட்கத்தோடு சொன்னேன்: "பாலம்மா, இதுதான் உம்மட பலம். எழுதும்." அடுத்த கூட்டத்தில் அந்த வெறும் தாளை வாங்கி எழுதினாள், ஒரே வரி: "தண்ணி எங்க போகுதுன்னு எனக்குத் தெரியும்."

தாய்மாரே, எது பலம்? பத்திரத்தில் இருப்பதா? பட்டத்தில் இருப்பதா? பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுவதா? உன் கால் அறிந்தது, உன் கை அறிந்தது, ஊரே அறியாவிட்டாலும் நீ அறிந்தது, அதுவல்லவா பலம்?

அந்த ஒரு வரியோடு அவள், தண்ணீர்ப் பங்கைக் கவனிக்கும் வாய்க்கால் பிரதிநிதி தெரிவுக்கு நின்றாள். எதிரே நின்றவர் இன்னொரு வயல்காரர், சுகந்தன். "பொம்பிளை நீர், மடையில நிண்டு சண்டை பிடிப்பீரோ?" என்று ஒருவர் கேட்டார்.

"சண்டை போட மாட்டேங்க. எந்த மடைன்னு பேரைச் சொல்லுவேன், அவ்வளவுதான்."

வயல் செய்யும் கமக்காரர் எல்லாரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். அவரவர் மடை அவரவருக்கு ஞாபகம் வந்திருக்கும். கை உயர்த்தச் சொன்னார்கள். ஒரே ஒரு கை வித்தியாசத்தில் வென்றாள். இந்தப் போகம் கடைசி வயலிலும் கதிர் சாய்ந்தது. இன்று அவள் இங்கே இல்லை, வாய்க்காலில் நிற்கிறாள்.

ஆகவே அக்காமாரே, தங்கச்சிமாரே, உங்கள் தாளை நிரப்புங்கள், உங்கள் தலையை நிமிர்த்துங்கள், உங்கள் கையை உயர்த்துங்கள். இவ்வளவு நேரம் பொறுத்ததற்கு நன்றி, வணக்கம், போயிட்டு வாறன்.

பொறுங்கோ, கைதட்டாதேங்கோ. அந்த ஒரு கை என்னுடையது என்று நினைக்கிறீர்கள். அது, மடை பிடிபட்ட யோகராசாவின் கை. என் கை, அவர் பக்கத்தில் இருக்கிறாரே என்ற பயத்தில், சேலைத் தலைப்புக்குள் இருந்தது.