ஒன்பதாவது அழைப்பு

எண்பத்து நாலு பெண்களின் ரிங்டோனும் எனக்கு மனப்பாடம். பட்டாசுக் கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும், இன்ஸ்பெக்டர் மேடம். காலையில் வேனை விட்டு இறங்குகிற ஒவ்வொருத்தியும் கேட் அறையில் என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். போனின் முதுகில் பிளாஸ்திரி ஒட்டிப் பேர் எழுதி, தடுப்பு வைத்த மரப்பெட்டியில் அடுக்கிவிடுவேன். சாயங்காலம் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். பதினோரு வருஷத்தில் ஒரு போன்கூட மாறிப்போனதில்லை.

வேல்விழி எப்படிச் செத்தாள் என்று கேட்டீர்கள். அதை அவளிடமிருந்து ஆரம்பித்தால் உங்களுக்குப் புரியாது. என் மகளிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

முத்துச்செல்வி எனக்கு ஒரே பிள்ளை. தகப்பன் இல்லாமல் வளர்த்தேன். நாலு வருஷத்துக்கு முன்னால் வேற்றுச் சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு அச்சங்குளம் போய்விட்டாள். போனில் கூப்பிட்டு அழுதாள். நீ செத்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளும் கூப்பிடவில்லை. விசேஷ வீடுகளில் என்னைக் கண்டால் பேச்சு நின்றுபோகும். முருகேஸ்வரி வளர்த்த லட்சணம் என்று காதுபடவே சொல்வார்கள். நான் விசேஷங்களுக்குப் போவதை விட்டேன்.

வாட்ஸ்அப்பில் யாரோ ஒரு லிங்க் அனுப்பினார்கள். பெண்கள் மட்டும் இருக்கிற குழு என்றார்கள். கோலம், கருவாட்டுக் குழம்பு, மூட்டு வலிக்கு எண்ணெய், இவ்வளவுதான் அதில் வரும். பகல் முழுக்கக் கேட் அறையில் தனியாகக் கிடக்கிறவளுக்கு அதுவே பெரிய துணை. ஒருநாள் மனசு கேட்காமல் மகள் கதையை எழுதிவிட்டேன். பத்து நிமிஷத்தில் நாற்பது பேர் ஆறுதல் சொன்னார்கள். குழுவை நடத்துகிற தாமரை அக்கா தனியாகக் குரலில் பேசி அனுப்பினார்.

"ஒங்க வளர்ப்புல ஒரு கொறையும் இல்லம்மா. ஒங்க பிள்ளைய மயக்கித் தூக்கிட்டுப் போயிருக்கானுக."

நாலு வருஷத்தில் ஒருத்தரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதேன்.

தாமரை அக்கா என்று ஒரு பெண்ணே கிடையாது, அந்தக் குரல் கம்ப்யூட்டரில் செய்தது என்று நேற்று சொன்னீர்கள். இருக்கலாம். என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

பிறகு சின்னக் குழு ஒன்றில் சேர்த்தார்கள். பன்னிரண்டு பேர், எல்லாரும் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்கள். தினமும் வீடியோ வரும். எந்தெந்த ஊரில் நம் பெண்களைக் கெடுக்க எவ்வளவு பேர் அலைகிறார்கள் என்று வரும். விளக்கின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து, அதைப் படம் பிடித்துப் போட்டோம். எங்கோ ஒரு ஊரில் ஒரு ஜோடியை வெட்டிப்போட்ட செய்தி வந்தபோதெல்லாம் பன்னிரண்டு பேரும் கும்பிடு படம் போட்டோம். முதல் தடவை செய்தியை இரண்டு தரம் படித்துவிட்டுத்தான் போட்டேன். மூன்றாவது தடவை படிக்காமலே போட்டேன்.

கம்பெனிப் பெண்களில் முப்பத்தொரு பேரைப் பெரிய குழுவில் சேர்த்தது நான்தான். பாதிப் பேரிடம் கேட்கக்கூட இல்லை. அவர்கள் போன் பூட்டைத் திறப்பதைத் தினமும் பார்க்கிறவள் நான்.

வேல்விழிக்கு இருபத்திரண்டு வயசு. சரவெடி பின்னுகிற பிள்ளை. நல்ல பிள்ளை, எனக்கு மல்லிகைப்பூ கொண்டுவந்து தரும். போன திங்கட்கிழமை அவள் போன் திரையில் ஒரு செய்தி வந்து நின்றது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ், ஆதாரை மறந்துவிடாதே என்று செல்வக்குமார் அனுப்பியிருந்தான். எந்தச் சாதிப் பையன் என்பது எனக்குத் தெரியும். படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். எந்த வேன், எங்கே இறங்குவாள் என்று கேட்டார். மெயின்ரோட்டில் ஊருக்குப் பிரிகிற ஆமத்தூர் விலக்கு என்று எழுதினேன். பெண்ணிடம் பேசிப் பார்க்கத்தான் என்றார். இந்தப் பெண்ணின் தாயைக் காப்பாற்றிக் கொடுங்கள், அடுத்தது உங்கள் மகள்தான், வீட்டுக்கே கூட்டிவருகிறோம் என்றார்.

வியாழக்கிழமை பதினோரு மணியிலிருந்து வேல்விழியின் போன் அடித்தது. நான் எடுக்கவில்லை. எட்டுத் தடவை அடித்து நின்றது. ஒன்பதாவது தடவை எடுத்தேன். நான் வாய் திறக்கவில்லை. செல்வக்குமார் மூச்சு வாங்கிக்கொண்டே பேசினான்.

"விழி, இன்னைக்கு வேன்ல ஏறாத. விலக்குல அருவாளோட நிக்கிறானுக. என்னையும் வெரட்டுனானுக. நீ கம்பெனியிலயே இரு, ஆளக் கூட்டிட்டு வாரேன்."

போனை அணைத்துப் பெட்டியில் வைத்தேன். உள்ளே போய் அவளிடம் சொல்ல நூறு அடி நடந்தால் போதும். எழுந்தேன், மேடம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி உட்கார்ந்தேன். இவள் பிழைத்தால் என் பிள்ளை வராதே என்று தோன்றியது.

சாயங்காலம் வந்து போனை வாங்கினாள். அமுக்கிப் பார்த்தாள்.

"என்னக்கா, செத்துக் கெடக்கு?"

"சார்ஜ் எறங்கிருச்சு போலம்மா. வீட்ல போய்ப் போட்டுக்க."

சரிக்கா என்று பையில் போட்டுக்கொண்டு, வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். மற்றதை நீங்களே விலக்கில் போய்ப் பார்த்தீர்கள். கூட வந்த பெண்கள் ஐந்து பேர் கத்தியும் ஒருவரும் கிட்ட வரவில்லையாம்.

வேன்கள் போன பிறகு, அவள் ஏறிவிட்டாள் என்று தாமரை அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். அவர் முத்துச்செல்வியின் விலாசத்தைக் கேட்டார். அச்சங்குளத்தில் எந்தத் தெரு, வீட்டில் யார் யார், மருமகன் எத்தனை மணிக்கு வேலைக்குப் போவான், எல்லாம் விசாரித்து வைத்திருந்தேன். அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் கொண்டுவந்து விடுவதாகச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு ஞாயிறு. நேற்று என்னைக் கூட்டி வரும்போது வீட்டைப் பூட்டிச் சாவியை நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டீர்கள். என் பிள்ளை வந்து வாசலில் நிற்கக் கூடாது. யாரையாவது அனுப்பி அந்தக் கதவைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள், மேடம்.