செவுளைத் தூக்கிப் பாருங்கள்

எழுபத்திரண்டு வீடுகளின் எழுநூறு சண்டைகளையும் ஒற்றைப் புன்னகையால் ஆண்டுகொண்டிருக்கும் அவைத்தலைவர் அவர்களே, தாம்பரத்து ஹார்டுவேர் வணிகத்தின் அசையாத ஆணியே, அண்ணன் ஹாஜா மைதீன் அவர்களே! ஆடும் நாற்காலி என்று தெரிந்தும் அஞ்சாமல் மேடையில் அமர்ந்திருக்கும் செயற்குழுச் சிங்கங்களே! முழங்கால் வலியை முறியடித்து முதல் வரிசையைக் கைப்பற்றிய பெரியோர்களே! மாலைத் தொடரில் மருமகள் மயங்கி விழும் மகத்தான கட்டத்தைத் தியாகம் செய்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! காதில் எதையோ செருகிக்கொண்டு என் பேச்சுக்குத் தலையாட்டுவதுபோல் நடிக்கும் இளைஞர்களே! மாடம்பாக்கம் முல்லைவனம் அடுக்ககத்தின் மாபெரும் மக்களே! ஏ பிளாக் பூவராகனின் பணிவான வணக்கம்.

என்ன சிரிப்பு அங்கே? 'பணிவான' என்றதற்கா? சிரியுங்கள். இன்று அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

இன்றைய கூட்டத்தில் இரண்டு நிகழ்ச்சிகள். முதலாவது, ஞாயிறுதோறும் நம் வாசகசாலையில் கூடப்போகும் 'வாத அவை'யின் தொடக்கம். சரியாகவும் நேர்மையாகவும் வாதிடக் கற்கும் அவை. இரண்டாவது, மீன்கார அங்காளம்மாளுக்கு விதித்த தடையை நிரந்தரமாக்குவதா, நீக்குவதா என்ற வாக்கெடுப்பு. வாத அவையைத் தொடங்கி வைக்க என்னை அழைத்தவர் சி பிளாக் சாஜிதா, பள்ளியில் வேதியியல் நடத்துபவர். எதற்காக என்னை அழைத்தார்? உதாரணம் சொல்லவா, உதாரணமாக நிற்கவா? இரண்டு வாரமாக யோசித்தேன். இரண்டுக்கும்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

நான் முப்பத்தோரு ஆண்டுகள் ரயில் நிலைய அறிவிப்பாளன். என் குரலைக் கேட்டு ஓடாத மனிதர் உண்டா இந்தத் தென்சென்னையில்? "ரயிலைப் பிடிக்கத்தான் ஓடினாங்க, உங்க குரலுக்காக இல்ல" என்கிறார் என் மனைவி தீபலட்சுமி. இருக்கட்டும். எட்டாம் நடைமேடை என்று நான் சொன்னால், கோடிக்கணக்கான கால்கள் எட்டுக்கு ஓடின. ஒரு வாயாவது "உனக்கெப்படித் தெரியும்?" என்று கேட்டதா? கேட்கவில்லை. கேள்வியே கேட்காத கூட்டத்தின் முன்னால் முப்பத்தோரு ஆண்டு பேசிப் பழகியவன் கையில் நீங்கள் மைக்கைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஆனது!

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை. பி பிளாக்கில் குழாயைத் திறந்தார்கள். ஆகா, அந்த நாற்றம்! காகங்கள் கூட்டம் கூட்டமாகச் சேலையூருக்குக் குடிபெயர்ந்தன. கொசுக்கள் முகக்கவசம் கேட்டு மனுக் கொடுத்தன. அன்று மாலையே அவசரக் கூட்டம். மைக் என் கையில்.

அங்காளம்மாளை உங்களுக்குத் தெரியும். கோவளத்தில் விடியலில் மீன் எடுத்து, பஸ் மாறி, செவ்வாய், வியாழன், ஞாயிறு கூடையோடு வருபவர். ஒன்பது ஆண்டுகளாக வருபவர். நம் கேட் பக்கத்துக் குழாயடியில் மீனைக் கழுவித் தருபவர். அன்றைக்கும் வந்திருந்தார். எனக்கு அது போதாதா? "மீன் வந்தது! நாற்றம் வந்தது! மீனன்றி வேறு எது? மீனன்றி வேறு யார்?" என்று நாற்பது நிமிடம் முழங்கினேன். நீங்கள் கைதட்டிய ஓசையில் வேளச்சேரியில் ஜன்னல்கள் அதிர்ந்தன. மூன்று மாதத் தடை, ஒருமனதாக.

வியாழக்கிழமை கேட்டில் அவர் என்னை நிறுத்தினார்.

"சாரு, நான் ஒரு வார்த்த பேசிக்கிறேனே."

"தீர்மானம் போட்டாச்சும்மா."

"என்னிய ஒரு வார்த்த கேக்காமலேவா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பால் கெட்டுப்போயிடும், அப்புறம் பேசலாம்" என்று நடந்துவிட்டேன். என் கையில் பாலே இல்லை, அன்பர்களே.

அன்றிலிருந்து அவர் நம் மதிலுக்கு வெளியே வெயிலில் உட்கார்கிறார். டி பிளாக் பெண்கள் சிலர் ரகசியமாக இறங்கிப் போய் வாங்குகிறார்கள். பாதிக் கூடை விற்காமலே கோவளத்துக்குப் பஸ் ஏறுகிறது.

சரி, மீன் வெளியே போய்விட்டதே, நாற்றம் போனதா? போகவில்லை! அடுத்த வாரம் மறுபடி கூட்டம். நான் அசந்தேனா? "மீன் போனாலும் மீனின் நினைவு நம் குழாய்களில் வாழ்கிறது!" என்றேன். அதற்கும் கைதட்டினீர்கள்! நம் செயலாளர் தம்பி வினோத்குமார் விசிலே அடித்தார்.

அந்த வாரம்தான் லிஃப்டில் சாஜிதா கேட்டார். "அங்கிள், ஒரு டவுட். மீன் வந்து நாறினாலும் மீன்தான் காரணம்னு சொல்றீங்க. மீன் வராம நாறினாலும் மீன்தான் காரணம்னு சொல்றீங்க. அப்போ என்ன நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?"

லிஃப்ட் நான்காம் மாடிக்குப் போனது. கீழே வந்தது. மறுபடி மேலே போனது. அவர் எப்போதோ இறங்கிவிட்டார். நான் மட்டும் உள்ளேயே நின்றுகொண்டிருந்தேன். தோற்கவே முடியாத வாதம் ஒன்றைக் கட்டியிருக்கிறேன் என்று பூரித்தவன், அது ஏன் தோற்காது என்பதை அப்போதுதான் பார்த்தேன். என்ன நடந்தாலும் 'ஆமாம்' என்று சொல்லும் வாதம் எதைத்தான் நிரூபிக்கும்?

சாஜிதாவோ நிற்கவில்லை. "அந்தக்கா மீன் கழுவுறது கீழே. நாறுற தண்ணி வர்றது மேலே தொட்டியிலேருந்து. கழுவின தண்ணி நாலு மாடி ஏறுமா? அவங்க அதிகமா விக்கறது டி பிளாக்ல. நாறுறது பி பிளாக்ல மட்டும். ஏன்?" என்று கேட்டுக்கொண்டே பிளம்பர் பொன்னுசாமியோடு மாடிக்கு ஏறினார். பி பிளாக் தொட்டியின் மூடி பக்கத்தில் கிடந்தது. உள்ளே ஒரு புறா, பல நாளைக்கு முன்பே சிவலோகப் பதவி அடைந்திருந்தது. தொட்டியைக் கழுவினார்கள். நாற்றம் ஒழிந்தது. மூடியைக் காற்று தள்ளியிருக்கும் என்று எல்லோரும் சொன்னீர்கள்.

என்ன வினோத்குமார் தம்பி? சத்தமாகவே சொல்லுங்கள். "அதான் முடிஞ்சு போச்சே சார், இப்போ தடை பொதுச் சுத்தத்துக்காக" என்கிறீர்களா? தம்பி சொல்வதை, 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி முதலில் நான் சொல்லிப் பார்க்கிறேன், அதுதான் வாத அவையின் முதல் விதியாம். குழாயடியில் செதில் கிடக்கிறது, ஈ மொய்க்கிறது, குழந்தைகள் வழுக்கி விழலாம். சரியா தம்பி? தலையாட்டுகிறார். நியாயமான கவலை. அதைத் தனியாக எடுத்து வாருங்கள், பேசுவோம். கார் கழுவி ஓடவிடும் தண்ணீரையும் அதே தராசில் வைத்துப் பேசுவோம். ஆனால் அந்தத் தடையை நாம் போட்டது செதிலுக்காகவா? தண்ணீர் நாற்றத்துக்காக. அந்தக் காரணம் புறாவோடு போய்விட்டது. தீர்ப்பு மட்டும் அநாதையாக நிற்கிறதே என்று அதற்குப் புதிதாக ஒரு காரணத்தைத் தத்து எடுக்கலாமா?

இப்போது காற்றுக்கு வருகிறேன். காற்றா? அந்த வாரம் மாடம்பாக்கத்தில் காற்றா? கொடியில் போட்ட கைக்குட்டைகூட அசையவில்லை! அவ்வளவு கனமான சிமென்ட் மூடியை எந்தக் காற்று தூக்கியது?

தீபலட்சுமி, எழுந்து போகாதே. இது உனக்கும் புதுச் செய்திதான்.

மூடியைத் திறந்தவன் நான். பேச்சுக்கு ஒத்திகை பார்க்க! ஏ பிளாக் தொட்டி பிளாஸ்டிக், அதில் என் குரல் தகர டப்பா மாதிரி கேட்கும். பி பிளாக் தொட்டி சிமென்ட். தலையை உள்ளே விட்டு "அன்பர்களே!" என்றால் ஆயிரம் பூவராகன்கள் திருப்பி முழங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தேன், மயங்கிப்போய் மூடாமல் இறங்கினேன். செவ்வாய்க்கிழமை அங்காளம்மாள்மேல் பழி போட்டேன். சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான்.

ஆனால் இதற்கு மேல் சிரிக்க முடியாது. செவ்வாயன்று எனக்குத் தெரியாது. புறா கிடைத்த அன்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு இத்தனை வாரமும் "காற்றுதான்" என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் நானும் தலையாட்டினேன். தெரியாமல் தப்பாகப் பேசினேன், அது அவசரம். தெரிந்தபின் வாய்மூடி நின்றேனே, அதற்கு என்ன பெயர்? என் வாயில் ஊறிய அடுக்குமொழிகளில் தேடிப் பார்த்தேன். ஒன்றுகூட உதவிக்கு வரவில்லை.

ஒன்பது ஆண்டுகளில் அங்காளம்மாள் என்னிடம் ஆயிரம் முறை சொல்லியிருப்பார்: "செவுளத் தூக்கிப் பாத்துட்டு வாங்கு சாரு. என் வாயப் பாத்து வாங்காத." யோசித்துப் பாருங்கள்! தன் சரக்கைச் சோதித்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறார் ஒருவர். சோதிக்கவே நேரம் கொடுக்காமல் நாற்பது நிமிடம் முழங்குகிறார் இன்னொருவர். இருவரில் வாதிடத் தெரிந்தவர் யார்? ஒரு வஞ்சிர மீனுக்குக் காட்டும் ஆர்வத்தை ஒரு குற்றச்சாட்டுக்குக் காட்டினோமா? எந்த வீட்டில், எந்த நாளில், எந்தத் தண்ணீர் என்று பார்த்தோமா? பழி சுமப்பவரை ஒரு வார்த்தை கேட்டோமா? செவுளைத் தூக்கினோமா? தூக்கினோமா?

கைதட்டாதீர்கள்! தயவுசெய்து கைதட்டாதீர்கள். போன முறை தட்டியது போதும்.

தலைவரே, எனக்கு இன்னும் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. அதை அங்காளம்மாளுக்குக் கொடுக்க அனுமதி கேட்கிறேன். சாஜிதா அழைத்ததால் அவர் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார். "உள்ள கூப்பிடுங்க பூவராகன் சார்" என்கிறார் ஹாஜா மைதீன் அண்ணன். "தீர்மானம் இன்னும் அமல்ல இருக்கே" என்கிறார் வினோத்குமார். அவர் சொல்வதும் சரிதான். வாக்கெடுப்பு முடியும்வரை அங்காளம்மாளால் உள்ளே வர முடியாது. நாம் திரும்ப முடியுமே! எழுந்திருங்கள், உங்கள் நாற்காலிகளைக் கேட்டைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள். பெரியோர்களே, மெதுவாக. ஒயர் இல்லாத மைக்தான், கேட் கம்பிகளுக்கு இடையே நீட்டிவிடுகிறேன்.

அவருக்காகப் பரிதாபப்பட்டுக் கை தூக்காதீர்கள். அவர் சொல்வதையும் சோதியுங்கள். கேள்வி கேளுங்கள். வினோத்குமார் தம்பி, முதல் கேள்வி உங்களுடையது. பிறகு வாக்களியுங்கள்.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், மருமகள் விழுந்தாளா எழுந்தாளா என்று தெரியாமலே உட்கார்ந்திருந்த தாய்மார்களுக்கும், ஒரே ஒரு கேள்வியால் என் முப்பத்தோரு ஆண்டுகளைத் திருப்பிப் போட்ட சாஜிதாவுக்கும் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.

அங்காளம்மா, இந்தாங்க மைக். அன்னைக்கு என் கையில பால் இல்ல. பேசுங்க.