ஒரு பொத்தான் போதாதா?

எனக்கு வீடியோ கேமில் பெரிய ஆர்வம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் உங்களுக்கு எழுத வசதியாக இருக்கும். என் அக்கறையெல்லாம் விளையாடுகிறவனின் கையில்தான். திரையில் இருப்பவன் ஒரு கல்லைப் பிடித்தால், பிடித்தது கைக்குத் தெரிய வேண்டாமா? அதற்காக, கேம் கண்ட்ரோலர் செய்யும் எங்கள் கம்பெனியில் ஆறு வருடம் உட்கார்ந்து ஒரு கையுறை செய்தேன். கட்டைவிரலைத் தவிர மற்ற நான்கு விரல்களின் முதுகிலும் மெல்லிய கம்பி ஓடும். மணிக்கட்டில் ஒரு மோட்டார். கேமில் எதையாவது பிடித்தால் கம்பி விரலைப் பின்னால் இழுத்து, மடங்க விடாமல் நிறுத்தும். கையில் பொருள் இருப்பதுபோலவே இருக்கும்.

என் மனைவியின் தம்பியைப் பற்றித்தான் நீங்கள் கேட்டீர்கள். வருகிறேன்.

புதிதாக வரும் கேம் கருவிகளைப் பயன்படுத்திப் பார்த்து வீடியோவில் விமர்சனம் செய்வது அவன் தொழில். லட்சக்கணக்கில் பார்க்கிறார்கள். வீட்டில் அவனுக்குப் பொத்தான் என்று பட்டப்பெயர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "இதுக்கு ஒரு பொத்தான் போதாதா?" என்பதுதான் முதல் கேள்வி. அவன் அறையில் ஒரு அலமாரி இருக்கிறது. காலால் மிதித்து ஆடும் பாய், தூண்டில் வடிவக் கண்ட்ரோலர், கையில் பிடித்து வீசும் கோல் என்று ஒரு காலத்தில் ஊரே வாயைப் பிளந்து பார்த்த சாமான்கள் எல்லாம் அதில் தூசி படிந்து கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருப்பான். அவன் கை அதைக் கடைசியாகத் தொட்ட தேதி.

"வாங்கின அன்னைக்கு எல்லாமே நல்லாத்தான் இருக்கும் அத்தான்" என்பான். "வேற ஏதோ யோசனையில இருக்கும்போது கை தானா எதைத் தேடிப் போகுதோ, அதுதான் கண்டுபிடிப்பு. மத்ததெல்லாம் ஜிகினா."

கட்டைவிரலால் தள்ளும் குச்சியைக் கண்ட்ரோலரில் வைத்தபோதும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். அது கையில் அதிரும் வசதி வந்தபோதும் சிரித்திருப்பார்கள். இன்று அவை இரண்டும் இல்லாத கண்ட்ரோலரை யார் வாங்குகிறார்கள்? இதை நான் சொன்னபோது அவன் மறுக்கவில்லை. "அது கைக்குப் பிடிச்சுது, நின்னுடுச்சு" என்றான். அவனோடு வாதம் செய்வதில் இதுதான் சங்கடம். பாதியை ஒத்துக்கொண்டு மீதியில் ஆளைக் கவிழ்த்துவிடுவான்.

கையுறையைக் கொடுத்தேன். மூன்று வாரம் வைத்திருந்தான். பிறகு பாய்க்கும் தூண்டிலுக்கும் நடுவில் அதை வைத்து, சீட்டு ஒட்டி, வீடியோ போட்டான். "எங்க அத்தான் செஞ்சது. உழைப்பு தெரியுது. கட்டைவிரலை மட்டும் மறந்துட்டாரு. ஆனா பாவம், இதுவும் ஜிகினாதான்."

திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். அந்தப் 'பாவம்' என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. இன்றைக்கும் நினைத்தால் உடம்பெல்லாம் எரிகிறது.

அடுத்த வாரமே எங்கள் முதலாளி என் பிரிவை மூடினார். காரணம் வீடியோ மட்டும் அல்ல என்றார். கையுறையைச் சோதித்த முப்பது பேரில் இருபத்தாறு பேர் பத்தே நிமிடத்தில் பழைய கண்ட்ரோலரைத் திருப்பிக் கேட்டார்களாம். பழக்கமில்லாதவர்கள், வேறென்ன கேட்பார்கள்? என்னைப் பொத்தான் சோதிக்கும் பிரிவுக்கு மாற்றினார். ஒரு பொத்தானை எத்தனை முறை அமுக்கினால் பழுதாகிறது என்று பார்க்கும் வேலை. வீட்டில் சொன்னபோது மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வீட்டுலயும் பொத்தான், வேலையிலயும் பொத்தானா? அவன் சொன்னதுல என்னங்க தப்பு?" என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பரிமாறினாள். நான் சாப்பிட்டேன். கோபத்தில் தட்டைத் தள்ளுகிற ஆள் இல்லை நான்.

பழுது பார்த்துத் தருகிறேன், நேரலையில் இன்னொரு முறை போட்டுப் பார் என்று மைத்துனனிடம் கேட்டேன். "அக்காவுக்காக வேணா செய்யறேன்" என்று கையுறையை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

எங்கள் சோதனைக்கூடத்தில் மூன்று விதிகள் உண்டு. செய்தவன் கைதான் முதலில் உள்ளே போக வேண்டும். அடுத்த கை போகுமுன் ஸ்பிரிட் தொட்ட துணியால் உள்ளே துடைக்க வேண்டும். நிறுத்தும் பொத்தான் போட்டுக்கொண்டவனிடம் இருக்கக் கூடாது, இன்னொருவர் கையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அறையில், கேமராவுக்கு முன்னால் மூன்று விதிகளையும் ஒன்று விடாமல் கடைப்பிடித்தேன்.

மோட்டாரின் இழுவிசையை வெள்ளிக்கிழமையே ஐந்து மடங்காக்கியிருந்தேன். ஆனால் அது ஓர் அளவுக்கு மேல் சுற்றாதபடி தீக்குச்சி அளவில் ஒரு பித்தளைக் குச்சி தடுக்கும். அதனால் என் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கழற்றினேன், துடைத்தேன். துடைக்கும்போது குச்சியை உருவித் துணிக்குள் சுருட்டிக்கொண்டேன்.

அவன் தயங்காமல் போட்டுக்கொண்டான். அத்தான் கையே போய்வந்த இடம்தானே.

"கல்லைப் பிடி" என்றேன்.

பிடித்தான். "அத்தான், நிஜமாவே கல்லு மாதிரி..." என்று ஆரம்பித்தான். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பிறகு, "போதும். நிறுத்துங்க அத்தான்" என்றான். அப்புறம் வெறும் "அத்தான்" மட்டும். நிறுத்தும் பொத்தான் என் உள்ளங்கைக்குக் கீழே இருந்தது. பதினோரு நொடி நான் அதை அமுக்கவில்லை என்று பதிவைப் பார்த்துச் சொன்னீர்கள். எனக்கு அவ்வளவு நேரமாகத் தோன்றவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாகப் புறங்கைப் பக்கம் போயின. நான்கும். கட்டைவிரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, அதைத்தான் நான் மறந்துவிட்டேனே. அந்தப் பதினோரு நொடியில் நேரலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர்கூட ஜிகினா என்று எழுதவில்லை. வேண்டுமானால் சரிபாருங்கள்.

இரண்டு விரல் இனி மடங்காது என்று டாக்டர் சொல்கிறாராம். கண்ட்ரோலரைப் பிடிப்பது கஷ்டம்தான். விபத்து என்று ஒரு வாரம் சொன்னேன். துணிக்குள் இருந்த குச்சியை நீங்கள் எடுத்து மேஜையில் வைத்த பிறகு அந்தப் பேச்சுக்கு அர்த்தமில்லை. விபத்து இல்லை. நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். என் மனைவி ஏன் என்று கேட்டால் இந்த வாக்குமூலத்தைக் காட்டுங்கள். ஒரு நல்ல கண்டுபிடிப்பை அலமாரியில் வைத்துச் சீட்டு ஒட்டினால் யாருக்கும் இப்படித்தான் கோபம் வரும்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள். என் மேஜை டிராயரில் ஒரு பழைய கண்ட்ரோலர் இருந்தது, கட்டைவிரல் படும் இடம் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, யாருடையது என்று. என்னுடையதுதான். வேலை முடிந்து வந்தால் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் ஆடுவேன். இதற்கும் வழக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, எழுத வேண்டாம். இன்னொரு கையுறை மேஜைமேல் எப்போதும் தயாராகத்தான் இருக்கும். ஏதாவது யோசனையில் இருப்பேன், கை தானாக டிராயரைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.