நெதர் கோல்ட்பியில் இருபத்து மூன்று கல்யாணங்கள்

டைப்ரைட்டிங்கில் நான் ஹையர், முதல் வகுப்பு. திருச்சியில் இன்ஸ்டிட்யூட் நடத்திய கோபாலசாமி சார் என் தாளில் ஒரு பிழைகூடக் கிடைக்காமல், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்ப்பார். இதை முதலிலேயே சொல்லக் காரணம், நடந்த எதுவும் கவனக்குறைவால் நடந்ததல்ல. வம்சாவளிச் சங்கத்தின் கமிட்டி வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் விளக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. என் ஆங்கிலம் லீவ் லெட்டர் ஆங்கிலம். அதில் எதை எழுதினாலும் எனக்குக் காய்ச்சல் என்பதுபோலவே இருக்கும். அதனால் முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

1998-ல் நியூ ஜெர்சிக்கு, ஐசலினுக்கு வந்தேன். இரண்டாயிரமாவது வருஷம் பிறக்கும்போது கம்ப்யூட்டர்களுக்குப் புத்தி பேதலித்துவிடாமல் பார்த்துக்கொள்வது என் கணவர் கிரீஷுக்கு வேலை. எனக்கு மனைவிமாருக்குத் தரும் எச்-ஃபோர் விசா. சாப்பிடலாம், தூங்கலாம், ஓக் ட்ரீ ரோட்டில் கத்தரிக்காய் பொறுக்கலாம், வேலை பார்க்கக் கூடாது. சம்பளமில்லாமல் உழைத்தால் யாரும் தடுக்க மாட்டார்கள் என்று தெரிந்ததும் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். வியாழக்கிழமைதோறும் அங்கே ஓர் அறையில் வம்சாவளிச் சங்கம் கூடும்.

இங்கிலாந்தில் நெதர் கோல்ட்பி என்று ஒரு கிராமம். விக்டோரியா மகாராணி காலத்தில் அங்கே பிறந்தவர், மணந்தவர், செத்தவர் எல்லாரையும் ஊர்ப் பாதிரியார் பதிவேட்டில் எழுதிவைத்திருந்தார். அதன் ஜெராக்ஸ் கட்டுகள் தபாலில் வரும். கோழி கிளறிய மாதிரி இருந்த அந்தக் கையெழுத்தைப் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பொறுப்பு. தாத்தா பாட்டியைத் தேடி வரும் அமெரிக்கர்கள் நான் ஏற்றியதில்தான் தேடுவார்கள். கட்டுகள் இருந்த அலமாரியின் சாவியும் என்னிடமே இருந்தது.

மூன்றே மாதத்தில் அந்த ஊர் எனக்கு அத்துப்படி. குழி வெட்டுகிறவரே கள்ளுக்கடையும் நடத்தினார், இரண்டிலும் வியாபாரம் குறையவில்லை. கொல்லன் வீட்டில் தொண்டை அடைப்பான் வந்து பதினொரு நாளில் ஐந்து பிள்ளைகள் போயின. அதை டைப் அடித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளைகள் பாதிப் பேர் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டார்கள். பாதிரியாரோ ஓரத்தில் இடம் கிடைத்தால் விடமாட்டார், "குடிகாரன்", "சோம்பேறி", "பிரசங்கத்தின்போது தூங்கினான்" என்று கிறுக்கிவைப்பார். இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் கிரீஷிடம் சொல்வேன்.

"யாரு ஷ்யாமு இவங்க எல்லாம்? உங்க சித்தப்பா பெரியப்பாவா? செத்து நூறு வருஷம் ஆச்சு, இன்னும் அவங்க வீட்ல எட்டிப் பாக்கற. ஒரு டிரைவிங் கிளாஸ் ஜாயின் பண்ணேன்" என்பார். நான் ரசம் ஊற்றுவேன்.

என்னால் பொறுக்க முடியாதது ஒன்றுதான். சில குழந்தைகளின் ஞானஸ்நானப் பதிவில் அப்பா பெயர் இருக்காது. "மணமாகாதவள், வேலைக்காரி" என்று தாயைப் பற்றி ஒரு வரி, அவ்வளவுதான். நூறு வருஷம் கழித்துப் பேரன் பேத்தி வந்து படிக்கப்போகிற இடத்தில் இப்படியா எழுதுவது? நம் வீடுகளில் இப்படி ஒன்று நடந்திருந்தால், ஒரு பெரியம்மா புறப்பட்டுப் போய்க் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவைத்திருப்பாள். அந்த ஊரில் பெரியம்மா இல்லை. நான் இருந்தேன்.

அப்படி இருபத்து மூன்று பெண்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தேன். ஏனோதானோ என்று செய்யவில்லை. பையன் அதே ஊர், அதே தொழில்காரக் குடும்பம், பெண்ணைவிட நாலைந்து வயது மூத்தவன், பாதிரியார் ஓரத்தில் திட்டாதவன். ஜாதகம் கிடைக்காததால் மற்றதெல்லாம் பார்த்தேன். திருமணப் பதிவேட்டில் ஒரு வரி சேர்ப்பேன், பிள்ளைக்கு அப்பன் பெயரை ஏற்றுவேன், ஜெராக்ஸ் தாளைக் கட்டிலிருந்து உருவிவிடுவேன். பாதிரியார் வீட்டு வேலைக்காரி ஹன்னா டாசனுக்குத் தச்சன் தாமஸ் வெப்பைப் பார்த்தேன். நல்ல இடம். அவளுக்கு 1878-ல் பிறந்த ஆலிஸ் டாசன் என் பட்டியலில் ஆலிஸ் வெப் ஆனாள்.

அந்த ஆலிஸின் மகள் ஒரு வியாழக்கிழமை என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

மிஸஸ் ஈடித் பார்க்கருக்கு எண்பது வயது. இரண்டு பஸ் மாறி வருவார். எட்டு வயதில் அவருடைய அம்மாவை யாரோ தூரத்து உறவினர் கப்பலேற்றி அமெரிக்கா கொண்டுவந்துவிட்டார்களாம். தன்னைப் பெற்றவள் வேண்டாமென்று கொடுத்துவிட்டாளா, அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்களா என்று தெரியாமலே அம்மா செத்துப்போனாள், எனக்காவது தெரிய வேண்டும் என்றார். "ஆலிஸ் டாசன், நெதர் கோல்ட்பி. இவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

பட்டியலில் தேடினேன். இல்லை. இல்லாமல் செய்தவளே நான்தான் என்பதால் அதிக நேரம் ஆகவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் ஒரு கல்யாணத்தோடு நிற்காது, மற்ற இருபத்திரண்டு பெண்களின் மானமும் சந்திக்கு வந்துவிடும் என்று நினைத்தேன். "அந்தக் காலத்தில் பெயரைப் பல மாதிரி எழுதுவார்கள். அடுத்த வாரம் வாருங்கள், சேர்ந்து தேடலாம்" என்றேன்.

ஒன்றரை வருஷம் சேர்ந்து தேடினோம். டாட்சன், டௌசன், டேசன் என்று நான் புதுப்புதுப் பெயராகச் சொல்வேன், அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார். இங்கிலாந்துக்கே எழுதி மூலத்தைப் பார்க்கச் சொல்லட்டுமா என்று ஒருமுறை கேட்டார். அந்தப் பக்கங்கள் ஈரத்தில் அழிந்துவிட்டன என்று சொன்னேன். பிளாஸ்கில் காபி கொண்டுபோவேன். அவர் எலுமிச்சை பிஸ்கட் கொண்டுவருவார். நூலகத்தில் எல்லாருக்கும் நான் 'சாம்'. அவர் மட்டும் மூன்று வாரம் முயன்று பழகி, 'ஷ்யாமளா' என்று கூப்பிட்டார்.

போன பிப்ரவரியில் இரண்டு வியாழன் அவர் வரவில்லை. மூன்றாவது வியாழன், இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. கடைசியாக வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருவேளை எழுதிவைக்கும் அளவுக்குக்கூட நாங்கள் பாட்டிக்கு முக்கியமாகத் தோன்றவில்லையோ என்னவோ" என்றார். "அப்படியெல்லாம் இருக்காது" என்று ஆறுதல் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்ல நன்றாக வரும்.

நான் பிடிபட்ட விதம் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. நெதர் கோல்ட்பியில் கூலிக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்றுதான் ஓய்வு, பாதிக் கல்யாணம் அன்றைக்குத்தான் நடக்கும். வெள்ளிக்கிழமை அவர்களுக்கு ஆகாது. இங்கிலாந்திலிருந்து ஒரு வாத்தியார் என் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்த இருபத்து மூன்று ஜோடிகள் மட்டும் ஏன் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து மணந்திருக்கிறார்கள், டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி பாதிவரையும் ஜூலை பாதியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரையும் இவர்களில் ஏன் ஒருவர்கூட மணக்கவில்லை என்று கேட்டு எழுதிவிட்டார். கமிட்டிக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்திருக்கும். மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் வைக்க எனக்கு எப்படி மனசு வரும்?

கிரீஷ் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "கிரீன் கார்டு அப்ளை பண்ற நேரத்துல இது தேவையா? ஏன்டி இப்படிப் பண்ணின?" அந்தப் பெண்களின் மானத்துக்காக என்றேன். கமிட்டிக்கும் அதையே எழுதப்போகிறேன்.

ஆனால் தமிழில் எழுதும்போது கை தானாகவே சரியாக அடித்துவிடுகிறது. உருவிய தாள்களில் ஹன்னாவுடையதை மட்டும் நான் கிழித்துப்போடவில்லை. அதன் ஓரத்தில் பாதிரியார் பிற்பாடு எழுதியது: "இக்குழந்தையை 1886-ல் அமெரிக்கா கொண்டுபோனார்கள். தாய் சம்மதிக்கவில்லை. மூன்று நாள் ஆலய வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்றாவது பிள்ளை கேட்டு வந்தால் தெரியட்டும் என்று இதை எழுதச் சொன்னாள்." இதைக் காட்டியிருந்தால் ஈடித் அழுதிருப்பார், என்னைக் கட்டிக்கொண்டிருப்பார், அப்புறம் வந்திருக்க மாட்டார். இரண்டு பஸ் மாறி எதற்கு வர வேண்டும்? ஒன்றரை வருஷமும், ஒவ்வொரு வியாழனும், அந்தத் தாள் நாலாக மடித்து என் கைப்பையில், பிளாஸ்குக்குப் பக்கத்தில் இருந்தது.

தப்புதான். நிறைய யோசித்தேன், இனி யாருக்கும் இப்படிச் செய்வதில்லை என்று தீர்மானித்துவிட்டேன்.

விளக்கம் வரும்வரை அலமாரிச் சாவி என்னிடமே இருக்கட்டும் என்று கமிட்டி சொல்லியிருக்கிறது. போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். மனைவி போய்விட்டாளாம், வீட்டில் பொழுது போகவில்லையாம். எலன் ஃப்ராஸ்ட் என்ற கொள்ளுப்பாட்டியைத் தேடுகிறார். எலனுக்கு நான் ஓர் ஆவணி வெள்ளிக்கிழமை கல்யாணம் முடித்துவைத்தது நினைவிருக்கிறது. பெரியவர் மெதுவாகப் பேசுகிறார், கேட்க நன்றாக இருக்கிறது. அந்தக் காலத்தில் பெயரைப் பல மாதிரி எழுதுவார்கள், அடுத்த வியாழக்கிழமை வாருங்கள், சேர்ந்து தேடலாம் என்றேன்.