பதினேழு மணி நேரத்தில் தாய்மாமன்

...போனுல அப்படிப் போட்டிருந்தா நான் என்ன செய்யதுக்கு, நீங்களே சொல்லுங்க! ஊசியப் பெட்டிக்குள்ள வைக்காதிய ஆசாரியாரே, செத்த இருங்க. மணி பதினொண்ணரதான ஆகுது? முகூர்த்தம் பன்னெண்டு வரைக்கும் கெடக்குலா. அதுக்குள்ள எம் மவன் செந்தில்வேல் வந்திருவானான்னா... வரமாட்டான். அது வேற.

எம் மவ பிள்ளைக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில வச்சுத்தான குத்தணும்? மாமங்காரன் அமெரிக்காவுல இருக்கான். சான்பிரான்சிஸ்கோவுக்கும் திருவனந்தபுரத்துக்கும் எவ்வளவு தூரம்னு போனுல தட்டுனேன். பதினாலாயிரம் கிலோமீட்டர் சொச்சம், பதினேழு மணி நேரம்னு வந்துது. வில்லு மாதிரி ஒரு கோடு வேற! பாக்க என்னா அழகுங்கிய! அந்தக் கோட்டுல ஒரு பிளேனும் போகாதாம்லா. துபாயில எறக்கி ஆறு மணி நேரம் உக்கார வச்சிருவானாம். நம்ம செங்கோட்டை பஸ்ஸுகூட டீக்கடையில பத்து நிமிசந்தான் நிக்கும்...

அந்தத் துபாய நான் கணக்குல விட்டுட்டேன். சனிக்கிழமை மத்தியானம் மூணு மணிக்கு அவன் ஏறுதான். கூடப் பதினேழு. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு. கார்ல மூணு மணி நேரம். பதினொண்ணு! பஞ்சாங்கத்தப் பாத்தா பதினொண்ணுல இருந்து பன்னெண்டு. முருகனே போட்ட கணக்குன்னு நெனச்சேன்.

எட்டு மணிக்கு, ஏர்போர்ட்டுக்கு நான் அனுப்புன கார் டிரைவர், "சார், ஆளக் காணல"ங்கான். பதறிப் போயி அமெரிக்காவுல இருக்க மருமவளுக்குப் போன் போட்டா, "மாமா, இங்கன இன்னும் சனிக்கிழமையே முடியல, அவுக ஏறி அஞ்சு மணி நேரம்கூட ஆகல"ங்கா. இங்கன வெயிலடிக்கி, அவளுக்கு நேத்து முடியலயாம்!

அந்தா, மண்டபத்துத் தூணுப் பக்கத்துல பச்சப் பட்டு... எம் பொண்டாட்டி பேராச்சி. கோவத்துல எம் போனப் புடுங்கிட்டா. சம்பந்தி வீரபாகு என்னங்காரு? "பிள்ளைக்குப் பெரியப்பா மடியில வச்சுக் குத்திருவோம்"ங்காரு. எம் மவன் வேல வெட்டிய விட்டுட்டு இம்புட்டு தூரம் வந்து, அவன் மடி வெறும் மடியா இருக்கணுமா? அவன் மொகத்துல எப்படி முழிப்பேன்?

அவனாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? சொன்னான்... "அப்பா, திங்கக்கிழமை வச்சிருங்க"ன்னான். "எனக்குத் தெரியாதாலே, நீ சும்மா கெட"ன்னேன்.

தெரியணும்லா எனக்கு? இருவத்தெட்டு வருசமா தென்காசியில பூகோளப் பாடம் எடுக்கேன். ஆரஞ்சுப் பழத்துல டார்ச் அடிச்சு, இங்கன பகல்னா அங்கன ராத்திரின்னு எத்தன பயலுவளுக்குச் சொல்லியிருப்பேன்! அப்பம் நான் இம்புட்டு வருசமா என்னத்தத்தான் படிச்சுக் குடுத்தேன்? யோசிச்சா வெக்கமா இருக்கு.

என்ன, பெட்டியத் தூக்கிட்டிய? ஒண்ணரைக்கு மேல ஆய்க்குடியில இன்னொரு காதா? சரி, போங்க. நாளைக்கு மட்டும் வந்திருங்க. விடியக்காலம் அஞ்சரைக்கு எறங்குதான், ஒம்பதுக்கு இங்கன நிப்பான், நானே கணக்குப்... ஏன் அப்படிப் பாக்குதிய? சரி, மருமவள்ட்டயே கேட்டுச் சொல்லுதேன், போதுமா?

இந்தா பக்கத்துல கெடக்க ஆய்க்குடிக்கு இப்பமே எதுக்குப் பொறப்படுதிய? எம்புட்டு நேரமாகும்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லுதேன், இருங்க... ஆசாரியாரே! படியப் பாத்து எறங்குங்க... எதுக்கு இப்படி ஓடுதிய!