ஆளில்லாத ஊரின் காற்று

— வரைபடத்தில அந்தப் பச்சையை அழியுங்கோ, பெனடிக்ற் சேர். அது பச்சையில்லை.

— ஹிதாயா, அது கம்பியூட்டர் போட்ட நிறம். சுழல்காத்து அடிச்ச இடம் சிவப்பு, அடிக்காத இடம் பச்சை. பேசாலை சிவப்பு. உங்கட முசலிக் கரையில ஒரு பதிவும் இல்லை. பின்னேரம் வீட்டுத்திட்டக்காரர் படம் பாக்க வருவினம். இனி மாத்த என்னால ஏலாது.

— அடிக்கேல்லை எண்டில்லை சேர், அறிவிக்கேல்லை. தொண்ணூறில இயக்கம் எங்கட முஸ்லிம் சனத்தை முழுக்க ஊரைவிட்டுக் கலைச்சது. பிறகு இருபது வருசம் புத்தளத்தில அகதி முகாமில. ஆளில்லாத ஊரில காத்தடிச்சதை ஆர் வந்து சொல்லுறது?

— விளங்குது.

— விளங்கியும் பச்சையை அப்பிடியே விட்டு வைக்கிறீங்கள்.

— களைச்சுப்போனன் பிள்ளை. பச்சை எண்டபடியால்தான் அங்க வீடு கட்டப்போயினம். நிறம் மாறினால் திட்டம் வேற ஊருக்குப் போயிடும். உம்மட வாப்பா இன்னும் எவ்வளவு காலம் ஓலைக் கொட்டிலில கிடக்கிறது?

— கொட்டில் விழுந்தால் தட்டிப்போட்டு எழும்பலாம். பச்சை எண்டால் கூரையை இறுக்கிக் கட்டத் தேவையில்லையாம். கல்லுச் சுவருக்கு மேல சும்மா கூரைச் சீற்றைப் போட்டிட்டுப் போயிடுவாங்கள். அது வாப்பாட தலையில விழுந்தால்? அல்லாஹ் காப்பாத்தோணும்.

— பதிவில்லாமல் சிவப்பு அடிச்சால் ஆதாரம் எங்க எண்டு கேப்பினம்.

— அப்ப வெறுமையா விடுங்கோ. தெரியாது எண்டு போடுங்கோ.

— தெரியாது எண்டு போட்டாலும் பயமில்லை எண்டுதான் வாசிப்பினம். எத்தினை கூட்டத்தில பாத்திட்டன்.

— கண்ட ஆள் ஒராள் சொன்னால் காணுமோ?

— காணும்.

— ஆரைத் தேடுறது? அந்த நேரம் நிண்ட நேவிக்காரரையோ? ... சேர்? ஏன் கண்ணாடியைக் கழட்டிப்போட்டு இருக்கிறீங்கள்? தலையிடிக்குதோ?

— புள்ளியை வையும். பள்ளிவாசலுக்குத் தெற்கால, கிணத்தடி வீடு. தொண்ணூற்றி நாலு, மார்கழி.

— அது எங்கட குறிச்சி! உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

— ஷெல்லுக்குப் பயந்து ஓடின நாங்கள், உங்கட ஆக்கள் விட்டிட்டுப் போன வீட்டிலதான் ஒதுங்கினனாங்கள். கடலில இருந்து சுழல்காத்து தூண் மாதிரி எழும்பி வந்தது. சுவர் விழுந்து எங்கட அம்மா அதுக்குள்ளேயே போயிட்டா. அரசாங்கக் கந்தோருக்கு அறிவிக்கப் போனனான், ஹிதாயா. அந்த ஊரில ஆக்களே இல்லை எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினவை.