சும்மா எண்ணும் வரி

“உனக்கு வடிச்சுக்கொட்ட ஆள் இருக்காதேன்னுதானே இந்தக் குதி குதிக்கிறே?” என்று தங்கை கத்தினாள்.

“அந்தச் சுருட்டைக்குக் கழுத்தை நீட்டுறதுக்கு நீ சும்மாவே இருக்கலாம்” என்று நானும் கத்தினேன்.

ஐயா, எங்கள் வீட்டில் சண்டை என்றால் எதிர்வீட்டு அக்கா டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவள் வீட்டுச் சண்டைக்கு நானும் அப்படித்தான்.

சுருட்டை, எங்கள் அட்டைப்பெட்டிப் பட்டறையில் வெட்டு மிஷின் ஓட்டுகிறவன். அந்த முடியை விட்டால் வேறு சொத்து கிடையாது. நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவன். கட்டினால் அவனைத்தான் கட்டுவேன் என்று தங்கை ஒற்றைக்காலில் நின்றாள்.

அந்த நேரம் பார்த்து மிஷினை இயக்கும் பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. முதலாளி புதிது வாங்கித் தந்தார். மிஷினுக்கான புரோகிராமை யாரோ ஒரு புண்ணியவான் அந்தக் காலத்து மென்பொருளில் எழுதியிருந்தார். அந்த மென்பொருளுக்குள்தான் அது ஓடும். புது கம்ப்யூட்டரோ அந்தக் கிழத்தை வாசலிலேயே நிறுத்தியது. பழைய கம்ப்யூட்டர் மாதிரி நடிக்கிற ஒரு மென்பொருளைப் போட்டு, அதற்குள் தாஜா பண்ணி ஏற்றினேன்.

அந்தப் புரோகிராமில் ஒரு வரி உண்டு. மிஷினின் கால்மிதியை அழுத்தினால் விளக்கு எரியும். கத்தி இறங்குமுன் கம்ப்யூட்டர் சும்மா ஒரு பெரிய எண் வரை எண்ணும். கையை எடுக்க அதுதான் அவகாசம். பழையது ஆடி அசைந்து எண்ணும். அதை நம்பிச் சுருட்டை மிதித்த பிறகுதான் அட்டையை நேராக்குவான். வருஷக்கணக்கில் அதே பழக்கம். புதியது கண்ணிமைப்பதற்குள் எண்ணி முடித்தது. ஆளில்லாமல் ஓட்டிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த எண்ணோடு நாலைந்து பூஜ்யம் சேர்த்தால் போதும். தெரிந்தேதான் சேர்க்கவில்லை.

“என்ன மச்சான், ரெடியா?” என்றான். கல்யாணத்துக்கு முன்பே அந்த உறவு.

“ஓட்டுங்க மாப்பிள்ளை” என்றேன். அவனை நான் அப்படி அழைத்தது அதுதான் முதல் தடவை. பாவம், வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அன்று ஒரு கட்டு அட்டை வீணானது. அவனுக்கு இரண்டு கையும் மணிக்கட்டோடு போயிற்று. முதலாளி புது கம்ப்யூட்டரைத் திட்டினார். நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது ஐயா. கையில்லாதவனை எவள் கட்டுவாள், கல்யாணம் தானாக நின்றுவிடும் என்று நினைத்தேன், அவ்வளவுதான். அண்ணன் என்கிற முறையில் அவள் நல்லதுக்குத்தான் செய்தேன்.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கையோடு அவனையே கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். வேளாவேளைக்கு ஊட்டிவிடுகிறாளாம். பட்டறையில் ஒருத்தர் விடாமல் எல்லோரிடமும் அவள் விலாசம் இருக்கிறது. கிளம்புகிற அவசரத்தில் எனக்குத் தர மறந்திருப்பாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு மறதி அதிகம்.